மேல் பலகையில் நாற்பத்தொரு புத்தகங்கள்

கம்பெனியில் அவருக்குப் 'புத்தகம்' என்றே பேர். லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனி அது. எங்காவது பெரிய கட்டடத்தில் லிஃப்ட் பாதி வழியில் நின்றுபோனால், "புத்தகத்தை அனுப்பு" என்று போனில் சொல்வார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் திருதிருவென்று விழித்துவிட்டு அலமாரியைத் திறந்து, எந்தப் புத்தகம் என்று தேடுவார்கள். அவருடைய பையில் ஸ்பானர்களுக்கு நடுவே கிரீஸ் படாமல் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு நாவல் எப்போதும் இருக்கும். மொட்டை மாடி மெஷின் ரூமில் உதிரி பாகம் வந்து சேரும்வரை காத்துக் கிடக்கிற நேரமெல்லாம் மற்றவர்களுக்குத் தண்ட நேரம். அவருக்கு அது படிக்கிற நேரம்.

அவர் மனைவியைத் தெருவில் டெய்லரக்கா என்பார்கள். வீட்டிலிருந்து நாலு கட்டடம் தள்ளி ஒரு சின்னக் கடை; இரண்டு தையல் மிஷின், ஒரு ஓவர்லாக் மிஷின். பள்ளிக்கூட யூனிஃபார்ம், திரைச்சீலை, கால் நீளம் குறைக்க வருகிற பேண்ட் என்று வேலை ஓயாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் ஒரு புத்தகத்தைக்கூட முழுசாகப் படித்ததில்லை. புருஷன் படிப்பதை அவள் குறை சொன்னதும் இல்லை, பெரிதாக எண்ணியதும் இல்லை. சிலர் சீட்டாடுகிறார்கள், சிலர் படுத்துத் தூங்குகிறார்கள், இவர் படிக்கிறார். அவ்வளவுதான் அவள் கணக்கு.

கூடத்துச் சுவரில் மூன்று பலகை அடித்து வைத்திருந்தார், ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு நூல் இப்படி அப்படி இல்லாமல். மேல் பலகையில் இனிமேல் படிக்கப்போகிற புத்தகங்கள். அவற்றுக்கு 'வரப்போறவங்க' என்று பேர் வைத்திருந்தார். நடுப் பலகையில் இப்போது படித்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று; அது 'வந்திருக்கிறவர்'. கீழ்ப் பலகையில் சமீபத்தில் முடித்தவை, 'வந்துட்டுப் போனவங்க'. "போனவங்க எங்க போனாங்க? எல்லாரும் இங்கேயேதானே குடியிருக்காங்க" என்று டெய்லரக்கா தூசி தட்டும்போதெல்லாம் கேட்பாள். கீழ்ப் பலகை நிறைந்தால் பழசில் பத்தை எடுத்து நூலகத்துக்குக் கொடுத்துவிடுவார். மேல் பலகை மட்டும் குறைந்ததே கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் பேப்பரை எடுத்து விரித்தார்.

"யாரோ வேற பாஷைப் பேப்பரைப் போட்டுட்டுப் போயிருக்காங்க" என்றார்.

அவள் எட்டிப் பார்த்தாள். தினமும் வருகிற பேப்பர்தான். காலங்காத்தாலே கிண்டலா என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் நடுப் பலகையில் இருந்த நாவலை எடுத்துப் பிரித்தார். அதை வைத்துவிட்டுச் சுவர்க் காலண்டரைப் பார்த்தார், பிறகு மருந்துச் சீசாவின் லேபிளை. தேதி தெரிகிறது, கடிகார முள் தெரிகிறது, அவள் சட்டைக் கையில் ஒட்டியிருக்கிற நீல நூல்கூடத் தெரிகிறது. எழுத்து மட்டும் கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்றார். குரலில் பதற்றமே இல்லை. ஆனால் திரும்பி நடக்கும்போது வலது தோள் கதவு நிலையில் போய் இடித்தது, அங்கே நிலை இருப்பதே தெரியாத மாதிரி. அடுத்த கால் மணியில் டாக்ஸியில் இருந்தார்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் பின்பக்கம், இடது புறத்தில், ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருந்தது. நரம்பு டாக்டர் ஒரு பெண்மணி, அவசரப்படாமல் பேசினார். பேச்சு நன்றாக இருக்கிறது, கை கால் நன்றாக இருக்கிறது, எண்களும் அடையாளம் தெரிகின்றன என்று ஒவ்வொன்றாகச் சோதித்துச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொடுத்து, பேரும் விலாசமும் எழுதச் சொன்னார். அவர் மளமளவென்று எழுதினார். ஒரு பிழை இல்லை, ஒரு வரி கோணவில்லை. டெய்லரக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டாக்டர் அந்தத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வீட்டு விஷயம், வேலை விஷயம் என்று ஐந்து நிமிஷம் பேசினார். அப்புறம் அதே தாளை அவர் முன்னால் நீட்டி, படிக்கச் சொன்னார்.

அவர் தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தார். எட்ட வைத்துப் பார்த்தார்.

"இது யார் எழுதினது?" என்று கேட்டார்.

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் இதே கை, இதே கண் எழுதிய எழுத்து. ஒரு மனுஷனுக்குள் இப்படியும் ஒரு சுவர் எழும்ப முடியுமா என்று டெய்லரக்கா அந்தத் தாளையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். டாக்டர் விளக்கினார். எழுத்தெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. எழுதுகிற கைக்கு அது கிடைக்கிறது. கண்ணிலிருந்து அந்த இடத்துக்குப் போகிற வழிதான் அறுந்துவிட்டது.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப மாடி இருக்கு. லிஃப்ட்தான் அங்க நிக்க மாட்டேங்குது."

டாக்டர் சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்கவில்லை.

கம்பெனி லீவு கொடுத்தது. அவர் கூடத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பலகைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வெளியூரில் வேலை பார்க்கிற மகள் வந்து மூன்று நாள் இருந்துவிட்டு, போனில் கதை வாசிக்கிற ஏற்பாடு ஒன்றைச் செய்துவிட்டுப் போனாள். காதில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் கேட்டார். வாசிக்கிற ஆள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி வாசிக்கிறான், ஒரு இடத்தில் நின்று யோசிக்க விடமாட்டேன் என்கிறான் என்று கழற்றி வைத்துவிட்டார். மகளிடம் மட்டும் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

டெய்லரக்காவுக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் காலை, கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது, நடுப் பலகையிலிருந்த நாவலை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அடையாளத்துக்கு அவள் கடைத் துணித் துண்டு ஒன்று இருந்தது. அங்கிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். வாய் குழறியது, மூச்சு விடுகிற இடம் தெரியவில்லை. இரண்டு பாரா தாண்டுவதற்குள் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"யாரு இந்த நடுவுலவ? எதுக்கு இவ்வளவு கோவப்படறா?" என்று கேட்டாள்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். அகலமான ஒரு ஆறு. அதில் படகுத்துறை நடத்துகிற மூன்று அக்கா தங்கச்சிகள். ஆற்றுக்கு மேலே பாலம் கட்டப்போகிறார்கள். பாலம் வந்தால் படகுக்கு வேலை இல்லை. பெரியவள் பாலத்தை எதிர்த்து மனு எழுதுகிறாள். நடுவிலவள் அந்தப் பாலத்திலேயே கல் சுமக்கப் போகிறாள். சின்னவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் படகு ஓட்டுகிறாள். முதல் இருநூற்றுப் பதினோரு பக்கத்தையும் அவர் ஒரு மணி நேரம் சொன்னார். எந்த மழைக்கு ஆறு எவ்வளவு ஏறியது, பெரியவள் எந்தச் சொல்லைச் சொல்லும்போது குரல் இறங்கியது, எல்லாம் நேற்று நேரில் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி. இருபத்தேழு வருஷமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்திருந்த மனுஷன், இத்தனை பேரோடு, இத்தனை ஊரில் வாழ்ந்துவிட்டு வந்து அவளிடம் சாப்பாடு கேட்டிருக்கிறார். அன்று கடை திறக்க நேரமாகிவிட்டது. வாடிக்கைக்காரர்களிடம் உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னாள்.

இப்படியே மூன்று வாரம். தினம் ஒன்றிரண்டு பக்கம். இருநூற்று நாற்பதாம் பக்கம் வந்தது. அவரை வீட்டில் தனியே விட மனசில்லாமல் பகலில் கடைக்கே கூட்டிப் போனாள். சும்மா இருக்க வைத்தால் முகம் தொங்கிப்போகிறது என்று, துணி மூட்டைகளின் மேல் வாடிக்கைக்காரர் பேரை சாக்பீஸால் எழுதுகிற வேலையைக் கொடுத்தாள். அவள் சொல்லச் சொல்ல அழகாக எழுதினார். எழுதிய மறு நிமிஷம் அது என்ன என்று தெரியாது. "உன் கடையில எழுதப் படிக்கத் தெரியாத குமாஸ்தா நான் ஒருத்தன்தான்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

ஒரு மத்தியானம் அவள் ஓவர்லாக் மிஷினில் இருந்தாள். பக்கத்தில் ஒரு கறுப்புக் கோட்டு. அதன் உள்பக்கம் அவள் ஏற்கெனவே சாக்பீஸால் குறிப்பு எழுதியிருந்தாள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ நினைவில், ஆள்காட்டி விரலால் அந்த வெள்ளை எழுத்துகளின் மேலேயே இழுத்துக்கொண்டிருந்தார். மேலிருந்து சுழித்து, மறுபடி சுழித்து, பக்கத்துக்குப் போய், ஒரு கோடு, ஒரு வளைவு. இரண்டு மூன்று தடவை.

"கை" என்றார்.

அவள் மிஷினை நிறுத்தினாள். யாருக்குக் கை வலிக்கிறது என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை.

"கைன்னு எழுதியிருக்கே. இல்லையா?"

கை ரெண்டு இஞ்ச் குறைக்கணும் என்றுதான் எழுதியிருந்தாள். அவள் எழுந்து வந்து கோட்டைப் பார்த்தாள். அவர் விரல் நுனியில் சாக்பீஸ் தூள் அப்பியிருந்தது. "கண்ணுக்கு இப்பவும் அது கோழிக் கிளறல்தான்" என்று அவர் மெதுவாகச் சொன்னார். "ஆனா விரல் போற போக்குலயே அதுக்குத் தெரிஞ்சிடுது. எழுதும்போது போன அதே வழி." அடுத்த எழுத்தில் விரலை வைத்தார். நாலு தடவை இழுத்த பிறகு, "ரெ" என்றார். மிச்சத்தை அவள் சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். 'குறைக்கணும்' என்று முடிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. நெற்றி வேர்த்து ஒழுகியது. அதற்குள் இரண்டு பேர் துணி வாங்க வந்து, கோட்டைத் தடவிக்கொண்டிருக்கிற ஆளையும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிற டெய்லரக்காவையும் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதோ துக்கம் போல என்று திரும்பிப் போனார்கள்.

டாக்டரிடம் போய்ச் சொன்னபோது, அபூர்வமாகச் சிலருக்கு இப்படி நடப்பதுண்டு, விடாமல் பழகுங்கள் என்றார். அவர் விட்டாரா? காலையில் அவள் படிக்க உட்கார்ந்தால், "இருநூத்தி நாற்பத்தொண்ணுலேர்ந்து நானே பார்த்துக்கறேன்" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டார். இருநூற்று நாற்பத்தொன்றாம் பக்கத்தை முடிக்க ஆறு நாள். ஒரு எழுத்தைப் பார்ப்பார், அதன் வளைவை விரலால் தொடையில் போடுவார், பேரைக் கண்டுபிடிப்பார், அடுத்ததற்குப் போவார். நாலு எழுத்து சேர்ந்தால் ஒரு சொல். வரி முடிவதற்குள் ஆரம்பம் மறந்துபோகும்; மறுபடி முதலிலிருந்து. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளைப் பார்த்து விரலை ஆட்டிக்கொண்டே போவார். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஏதோ மந்திரம் என்று நகர்ந்து உட்காருவார்கள். மூன்று மாசத்தில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்கிற நிலைக்கு வந்து சேர்ந்தார்.

அவள் அதைப் பார்ப்பதற்காகவே சீக்கிரம் எழுந்தாள். தினமும் பார்த்தாலும் அலுக்கவில்லை. ஒரு சொல் திறந்துகொள்கிற நொடியில் அவர் புருவம் லேசாக உயரும். அந்த ஒரு நொடிக்காக அவள் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். உலகத்தில் யாரும் பொருட்படுத்தாமல் கண்ணை ஓட்டிவிட்டுப் போகிற 'ஆனால்', 'அப்போது' எல்லாம் அவர் விரலுக்கு ஒரு மலை ஏற்றம். ஏறி முடித்து அடுத்ததைப் பார்க்கிறாரே, இந்தப் பொறுமை இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்று மலைத்துப் போவாள்.

அவளுக்குத்தான் பொறுமை இல்லை. கதை நடுவில் அறுந்து நின்றதில் கை ஓடவில்லை. கொஞ்சம் தேறி அவர் வீட்டிலேயே தூங்க ஆரம்பித்திருந்த மத்தியான நேரத்தில் நாவலைக் கடைக்கு எடுத்துப் போய், துணிக்கு அடியில் வைத்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பதினோரு நாளில் முடித்துவிட்டாள். அந்தப் பதினோரு நாளில் ஒரு பேண்டின் பாக்கெட்டை வாய் மூடித் தைத்து, திட்டும் வாங்கிக்கொண்டாள். முடித்த அன்று சாயங்காலம் அவள் முகத்தைப் பார்த்ததுமே அவர் கண்டுகொண்டார்.

"முடிச்சிட்டியா?"

தலையாட்டினாள்.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. முகத்துலகூடக் காட்டக் கூடாது."

சொல்வது சுலபம். இருநூற்று அறுபத்திரண்டாம் பக்கத்தில் வெள்ளம் வந்து சின்னவளைப் படகோடு கொண்டுபோய்விடும். முன்னூற்று எழுபத்தொன்றாம் பக்கத்தில், செத்துப்போனாள் என்று எல்லோரும் கைகழுவிய பிறகு, அவள் நடந்தே துறைக்குத் திரும்பி வருவாள். இது டெய்லரக்காவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. இருநூற்று அறுபத்திரண்டாம் பக்கத்தில் 'படகு மட்டும் கிடைத்தது' என்கிற வரியை எழுத்தெழுத்தாகத் தடவி முடித்த அன்று அவர் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் நாலு மாசம் அந்தப் பெண்ணுக்காகத் துக்கம் காத்தார். "சின்னவளைக் கொன்னிருக்க வேண்டாம்" என்று சாப்பிடும்போது சொல்வார், பஸ் நிறுத்தத்தில் சொல்வார். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே குனிந்துகொள்வாள்.

இதற்கு நடுவே கம்பெனியில் அவரை அரை நாள் வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். கூட வேலை செய்கிற, 'நெட்டை' என்று கூப்பிடப்படுகிற பையன் பேனலில் இருக்கிற எழுத்தைப் படித்துச் சொல்வான். மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று இவர் சொல்வார். அதற்குக் கண்ணும் வேண்டாம், விரலும் வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல் பலகையிலிருந்த அத்தனை புத்தகத்தையும் தரையில் இறக்கினார். நாற்பத்தொன்று. எண்கள் அவருக்குத் தெரியும் என்பதால் ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, பக்க எண்ணைக் கூட்டிக்கொண்டே போனார். பன்னிரண்டாயிரத்து அறுநூறு.

"ஒரு நாளைக்கு ஒரு பக்கம்னா முப்பத்தி நாலரை வருஷம்" என்றார். "தொண்ணூறு தாண்டிடும் எனக்கு."

அவர் குரலில் அழுகை இல்லை. பத்து வருஷத்துக்கு வைத்துக்கொள்வோம் என்றார். லிஃப்ட் ரோப்புக்கே அதற்கு மேல் யாரும் கியாரண்டி தருவதில்லை. பத்து வருஷத்துக்கு மூவாயிரத்து அறுநூற்றைம்பது பக்கம். அந்தப் பக்கங்களில் யார் யார் வருவார்கள் என்று இன்றைக்கு முடிவு செய்துவிடவேண்டும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்தையும் அவள் படித்துக் காட்டினாள். இப்போது வாய் குழறவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எந்தக் கடையில், எந்த மழையில் ஒதுங்கியபோது வாங்கியது, அட்டையைப் பார்த்து வாங்கியதா, பாதிப் பக்கம் நின்றபடி படித்துவிட்டு வைக்க மனமில்லாமல் வாங்கியதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். கப்பல் சமையல்காரன் ஒருவனின் கதையைப் பதினைந்து வருஷமாக நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி வந்திருந்தார்; அதைக் கையில் ரொம்ப நேரம் வைத்திருந்துவிட்டு, வேண்டாம் என்று ஒதுக்கினார். கிணறுகளைப் பற்றி அறுநூறு பக்கப் புத்தகம் ஒன்று, அதை வைத்துக்கொண்டார். ஒன்றரை வருஷமா கிணற்றுக்கு என்று அவள் சண்டை பிடித்தாள். ஆமாம் என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவளே அந்தப் புத்தகத்தை எடுத்து அவர் பக்கம் வைத்தாள். சாப்பாட்டைத் தவிர எதற்கும் அவசரப்படாத அந்த மனுஷன், மிச்சமிருக்கிற தன் வருஷங்களைக் கையில் எடுத்து எடுத்துப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. கடைசியில் ஏழு புத்தகம் நின்றது.

முப்பத்தி நாலையும் நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று கயிறு எடுக்கப் போனார்.

"அதெல்லாம் எங்கயும் போகாது. அது எனக்கு" என்றாள் டெய்லரக்கா.

"எல்லாமுமா?"

"நீங்க ஏழு புத்தகத்தை முடிக்கறதுக்குள்ள நான் முப்பத்தி நாலை முடிச்சிடுவேன். ஒவ்வொண்ணையும் உங்களுக்குச் சொல்றேன். நீங்க எனக்கு ஒரு மணி நேரம் சொன்னீங்களே, அது மாதிரி. அவ்வளவு நல்லா வராது. ஆனா சொல்றேன்."

கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே அவர் அவளைப் பார்த்தார். இருபத்தேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்த பெண்ணை, யார் இது என்று கேட்கிற மாதிரி பார்த்தார். பிறகு போய் ரசமட்டத்தைத் தேடி எடுத்தார். அவளுக்கென்று நாலாவது பலகை அடிக்கும்போது ஆணியை அவள் பிடித்துக்கொண்டாள்.

முன்னூற்று எழுபத்தொன்றாம் பக்கம் ஒரு வியாழக்கிழமை வந்தது. டெய்லரக்காவுக்கு முதல் நாளே தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் பட்டன் தைக்கிற சாக்கில் எதிரே உட்கார்ந்தாள். அவர் விரல் தொடையில் போய்க்கொண்டிருந்தது. துறையில் யாரோ நடந்து வருகிறார்கள். கால் சேறு. ஈரப் பாவாடை. 'சி' என்று போட்டது விரல். நின்றது. மறுபடி போட்டது. 'ன்'. அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். 'ன'. அவர் புருவம் உயர்ந்தது. அப்படியே இறங்காமல் நின்றது. மீதி எழுத்துகளை அவர் போடவில்லை. புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"இதை நாலு மாசமா வயித்துக்குள்ள வெச்சிருந்தியா?"

"நீங்கதானே சொல்லாதேன்னீங்க."

"நான் சொன்னா? எப்படிடி முடிஞ்சுது உன்னால?"

தனக்கே தெரியவில்லை என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். தனக்கு எப்போதோ தெரிந்த விஷயம், பதினோரு நாளில் ஓடிக் கடந்த பக்கம். இப்போது அவர் விரல் வழியாக அந்தப் பெண் ஒவ்வொரு அடியாக நடந்து வந்தபோதுதான் நிஜமாகவே உயிரோடு வந்தாள்.

மிச்சம் பதினேழு பக்கத்தைப் பதினேழு நாளில் முடித்தார். புத்தகத்தைக் கீழ்ப் பலகையில் மற்றவற்றோடு சேர்த்து வைத்தார். அன்றைக்கு வேறு எதையும் தொடவில்லை. மறுநாள் காலை முகம் கழுவிவிட்டு வந்து, கிணற்றுப் புத்தகத்தை இறக்கி, முதல் பக்கத்தைப் பிரித்தார். டெய்லரக்கா கப்பல் சமையல்காரனை எடுத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் நாலு பக்கம் போய்விட்டாள். அவர் முதல் வரியில் இருந்தார்.

"'தண்ணீர்'" என்று தொடங்கி நிறுத்திவிட்டு, அடுத்த சொல்லுக்கு விரலை எடுத்துப் போனார். அது என்ன சொல் என்று தெரியாமல் அவளால் எழுந்து போக முடியவில்லை. கடைச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.